வெறும் ட்ரக்கோட திரும்பி வருவியோ?

கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபரோப் பக்கத்திலிருந்து மாதத்துக்கு ஒருவராவது எனக்குப் போன் எடுப்பார்கள். பெரும்பாலும் முப்பது வயதுக்குள் இருக்கிற தம்பிமார். தெரிந்தவர் ஒருவரின் மருமகனாக இருப்பார், அல்லது முந்தி நாங்கள் இருந்த அப்பார்ட்மென்டில் கீழ்மாடிப் பிள்ளையாக இருப்பார். கையில் பெரிய ட்ரெயிலர் ட்ரக் ஓட்டுகிற ஏ-இசட் லைசன்ஸ் இருக்கும், இரண்டு வருடம் 401 நெடுஞ்சாலையில் சாமான் பெட்டி இழுத்துக் களைத்திருப்பார்கள். "அண்ணை, அங்கை மசகு எண்ணெய் ஏத்தினால் நல்ல காசாமே, உண்மையே? சொந்தமா ஒரு ட்ரக் வாங்கிக்கொண்டு வரட்டோ?" என்று கேட்பார்கள். மசகு எண்ணெய் என்றால் கிணற்றிலிருந்து வருகிற கச்சா எண்ணெய்.

காசைப் பற்றி நான் பிறகுதான் கதைப்பேன். முதலில் ஒன்று கேட்பேன். "இரவு இரண்டு மணிக்கு, எழுபது கிலோமீற்றர் ஓடிப் போய், கிணத்தடியில நிண்டுபோட்டு, ஒண்டும் ஏத்தாமல் வெறும் ட்ரக்கோட திரும்பி வருவியோ?"

சோம்பேறியா என்று சோதிப்பதாக நினைத்துக்கொள்வார்கள் போலும். "இல்லையண்ணை, நான் எப்பிடியும் ஏத்திக்கொண்டுதான் வருவன்" என்று உற்சாகமாகச் சொல்வார்கள். அந்தப் பதில் எனக்கு வயிற்றைக் கலக்கும். அது ஏன் என்று ஒவ்வொருவருக்கும் போனில் விளங்கப்படுத்தி முடியவில்லை, ஆகவே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது லொயிட்மின்ஸ்டர். எட்மன்டனிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 250 கிலோமீற்றர். அல்பேர்ட்டாவுக்கும் சஸ்கச்சுவானுக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோடு ஊருக்குள்ளாலேயே போகிறது. ஒரே நகரசபைதான், ஆனால் தெருவின் ஒரு பக்கம் ஒரு மாகாணம், மறுபக்கம் இன்னொரு மாகாணம். ஊரை விட்டு வெளியே வந்தால் கனோலா வயல், கோதுமை வயல், அதற்கு நடுவில் ஒரு சரளைக்கல் பாதை, பாதையின் முடிவில் ஒரு சதுரமான வெட்டை. அதில் ஒரு கிணறும் பக்கத்தில் கறுப்புத் தொட்டி ஒன்றோ இரண்டோ. இதைத்தான் லீஸ் என்கிறோம். இந்த வட்டாரத்தில் இப்படி ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

இந்த லீஸ்களுக்குத் தெருப் பெயரோ வீட்டு இலக்கமோ கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் நில அளவையாளர்கள் இந்தப் புல்வெளி முழுவதையும் சதுரம் சதுரமாகக் கோடு போட்டுப் பிரித்தார்கள். அந்தச் சதுரங்களின் எண்கள்தான் இன்றைக்கும் எங்களுக்கு முகவரி. லோட் பிரித்துக் கொடுக்கிற டிஸ்பாட்சர் நாலு எண்களைச் சொல்லி, நாலாம் மெரிடியனுக்கு, அதாவது அளவையாளர்கள் வடக்குத் தெற்காகப் போட்ட நாலாவது அடிக்கோட்டுக்கு, மேற்கு என்பார், சஸ்கச்சுவான் பக்கமென்றால் மூன்றாம் மெரிடியனுக்கு மேற்கு. முதல் மாதம் எனக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது. இப்போது எண்ணைச் சொன்னால் அங்கே திருப்பத்தில் நிற்கிற பழைய தானியக் கொட்டில் வரைக்கும் கண்ணில் வந்துவிடும்.

இவ்வளவு கிணறு இருந்தும் குழாய் போடாமல் ஏன் ட்ரக்கில் ஏற்றுகிறார்கள் என்று எல்லாரும் கேட்பார்கள். இங்கே வருவது கன எண்ணெய், அதாவது தடித்த, பாரமான எண்ணெய். குளிரில் பனங்கட்டிப் பாகு மாதிரி, சாய்த்தாலும் ஓடாது. கிணற்றிலிருந்து மணலையும் தண்ணீரையும் சேர்த்துத்தான் மேலே இழுக்கிறார்கள். தொட்டிக்குள் நெருப்புக் குழாய் ஒன்று ஓடும், கிணற்றிலிருந்து வருகிற வாயுவையே எரித்து அந்த எண்ணெயைச் சூடாக்கி வைத்திருப்பார்கள், மணல் அடியில் படியும், தண்ணீர் பிரியும், எண்ணெய் மேலே நிற்கும். ஒரு கிணறு நாளைக்குத் தருவது சில கன மீற்றர்கள். அதற்காகச் சூடேற்றிய குழாய் ஒன்றைப் பத்துப் பதினைந்து கிலோமீற்றருக்குப் புதைத்தால் யாருக்கும் கட்டாது. ஆகவே நாங்கள் இருக்கிறோம். தொட்டியிலிருந்து உறிஞ்சி, சுத்திகரித்துத் தண்ணீர் பிரிக்கிற இடத்துக்கோ குழாய்வழி தொடங்குகிற முனையத்துக்கோ கொண்டுபோய் இறக்குகிறோம். என்னுடைய ட்ரக்கும் ட்ரெயிலரும் ஏறக்குறைய 30 கன மீற்றர் ஏற்றும். முப்பதாயிரம் லீற்றர். பீப்பாய்க் கணக்கில் 190க்குக் கொஞ்சம் குறைய.

முப்பதாயிரம் லீற்றர் என்று எழுதும்போது எனக்கு இப்போதும் அப்பாவின் நினைவு வரும். யாழ்ப்பாணத்தில் அப்பா சோமசெற் கார் ஒன்று வைத்து ஹயர் ஓடியவர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் இல்லை, காரை மண்ணெண்ணெயில் ஓட்டினார். ஸ்டார்ட் பண்ணுவதற்கு மட்டும் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். அதை மருந்துப் போத்தலில் அடைத்து, சாமி அறை அலுமாரிக்குள் வைத்திருந்தார். துளிக்கணக்கு. வீட்டில் வெளிச்சத்துக்கு ஜாம் போத்தல் விளக்கு, அதிலும் திரியைத் தூண்டினால் அம்மா ஏசுவா. எண்ணெயைத் துளியாகப் பார்த்து வளர்ந்த எனக்கு, முதல் தடவை ட்ரெயிலர் நிறைந்து ரயர்கள் அமுங்குவதைக் கண்ணாடியில் பார்த்தபோது மனம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்பா இருந்திருந்தால் இதைப் படம் பிடித்து அனுப்பியிருப்பேன்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

நான் 2017இல் மேற்கே வந்தேன். முதலில் எட்மன்டனுக்கு வடமேற்கே உள்ள கிராண்ட் பிரேரியில் ஒரு கொம்பனியின் ட்ரக்கை ஓட்டினேன். வந்தவுடன் முதல் வேலை எச்-டூ-எஸ் அலைவ் என்ற ஒருநாள் வகுப்பு. எண்ணெயோடு சேர்ந்து கிணற்றிலிருந்து வருகிற ஹைட்ரஜன் சல்பைட் என்ற நச்சு வாயுவிலிருந்து உயிரோடு தப்புவது எப்படி என்கிற வகுப்பு. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை திரும்பச் செய்ய வேண்டும். அபாயகரமான பொருள் ஏற்றுகிற சான்றிதழும் அப்படித்தான். அந்த ஒருநாளில் கேட்டவற்றில் இரண்டு விஷயம் எனக்கு உடம்பில் ஊறிப்போனவை. ஒன்று, இந்த வாயு காற்றைவிடப் பாரமானது, பள்ளத்தில் தேங்கி நிற்கும். மற்றது, அழுகிய முட்டை மணம் என்று எல்லாரும் சொல்லும் அந்த மணத்தை நம்பவே கூடாது. பத்து இலட்சத்தில் நூறு பங்கை எட்டும்போது மூக்கு செத்துவிடும், மணமே தெரியாது. மணம் போய்விட்டது, ஆபத்து இல்லை என்று நினைக்கிற அந்த நிமிடத்தில்தான் ஆள் விழுகிறான். விழுந்தவனைத் தூக்க ஓடுகிற இரண்டாவது ஆளும் விழுகிறான். ஆகவே அவர்கள் சொல்லித்தந்த வரிசையில் காப்பாற்றுவது முதலாவது இல்லை, முதலாவது நீ வெளியே போவது. காற்று வரும் திசையை நோக்கி, முடிந்தால் மேட்டுக்கு.

சட்டையில் கழுத்துக்குக் கிட்ட ஒரு சின்ன மொனிட்டர் கொழுவியிருப்போம். வாயு பத்து இலட்சத்தில் பத்துப் பங்கானால் அலறும், பதினைந்தானால் இன்னும் வேகமாக அலறும்.

கிராண்ட் பிரேரியில் இரண்டாவது மாதம் அது அலறியது. தொட்டியின் படியில் பாதி ஏறியிருந்தேன். பயந்தேன்தான், ஆனால் கீழே இறங்கிப் போய் ஏத்தவில்லை என்று சொல்ல அதைவிடப் பயம். புதியவன், கறுத்தவன், இங்கிலீஷும் தடுக்கும், ஸ்காபரோவில் மனைவியும் மகளும் முதல் சம்பளத்துக்குக் காத்திருக்கிறார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே போய் மூடியைத் திறந்து அளவெடுத்துவிட்டு இறங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் அதிலுள்ள பெரிய கேடு, ஏனென்றால் அடுத்த தடவை ஏறுவதற்கு அதுவே காரணமாகிவிடும். நான் செய்ததை மனைவியிடம் கூட ஐந்து வருடம் சொல்லவில்லை.

பிறகுதான் அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2016இல் விட்ட எச்சரிக்கையைப் படித்தேன். 2010 தொடக்கம் 2014 வரை ஒன்பது பேர், தொட்டி மூடியைத் திறந்து அளக்கும்போதோ மாதிரி எடுக்கும்போதோ செத்திருக்கிறார்கள். அது ஹைட்ரஜன் சல்பைட் கூட இல்லை, வெறும் எண்ணெய் ஆவி. மூடியைத் திறந்தவுடன் அமுக்கத்தில் இருந்த ஆவி முகத்தில் அடிக்கும், அங்கே மூச்சுக்குத் தேவையான ஒட்சிசன் இருக்காது. தனியாக நின்ற ஆட்கள். முதலில் இதய நோய் என்று பதியப்பட்ட சாவுகளும் அதற்குள் இருந்தன. அதைப் படித்த இரவு நான் ஏறிய அந்தப் படிகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். பதினெட்டுப் படி.

2018 இலையுதிர் காலத்தில் சொந்த ட்ரக் வாங்கினேன். கென்வர்த் டி-800, பின்னால் மூன்று அச்சும் இழுக்கிற ட்ரக், ஆறு இலட்சம் கிலோமீற்றர் ஓடியது, 95,000 டொலர். கன எண்ணெய்ப் பக்கம் சேறும் பனியும் அதிகம், இரண்டு அச்சு இழுக்கிற ட்ரக் லீஸ் பாதையில் புதைந்துவிடும் என்றார்கள். ட்ரெயிலர் ஒரு கொம்பனியுடையது, அவர்களுக்குக் கீழே ஓடுகிறேன். அப்படித்தான் லொயிட்மின்ஸ்டருக்கு வந்தேன்.

நான் வாங்கிய நேரத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கும். அந்த ஒக்டோபரில் மேற்குக் கனடாவின் கன எண்ணெய், அமெரிக்க எண்ணெயைவிடப் பீப்பாய்க்கு 40 டொலருக்கும் அதிகமாகக் குறைந்த விலைக்குப் போனது. எடுத்த எண்ணெயை வெளியே அனுப்பக் குழாய்வழி போதவில்லை, தொட்டிகள் நிரம்பிவிட்டன. டிசெம்பர் தொடக்கத்தில் அல்பேர்ட்டா முதல்வர் ரேச்சல் நொட்லி, 2019 ஜனவரியிலிருந்து நாளைக்கு 3,25,000 பீப்பாய் உற்பத்தியைக் குறைக்க வேண்டும் என்று அறிவித்தார். பெரிய கொம்பனிகளுக்குத்தான் அந்தக் கட்டளை, சின்ன உற்பத்தியாளருக்கு விலக்கு இருந்தது. ஆனால் அந்த விலையில் பல பேர் தாங்களாகவே கிணற்றை மூடிவிட்டார்கள். எனக்கு ட்ரக் கட்டுக்காசு மாதம் 2,150 டொலர். அது குறையவில்லை.

சொந்தக்காரன் என்றால் என்ன என்று அந்தக் குளிர்காலத்தில்தான் படித்தேன். கட்டுக்காசு உன்னுடையது, டீசல் உன்னுடையது, ரயர் உன்னுடையது, வேலையிடக் காயத்துக்கான காப்புறுதியும் உன்னுடையது. லோட் அவர்களுடையது. நான் ஏற்றுகிற ஒவ்வொரு கன மீற்றருக்கும் வருகிற காசில் நூற்றுக்கு 62 எனக்கு. ஏற்றினால் காசு, ஏற்றாவிட்டால் இல்லை. லீஸில் காத்திருக்கிற முதல் மணித்தியாலத்துக்கு ஒரு சதமும் கிடையாது. இறக்குகிற இடத்தில் ஆறு ட்ரக் முன்னால் நின்றால் அந்த நேரத்துக்கும் பெரிதாகக் கிடைக்காது. ஒரு நாளில் ஓட்டக்கூடிய மணித்தியாலம் பதின்மூன்று, மொத்த வேலை பதினான்கு. அதற்குள் நாலு லோட் முடித்தால் நல்ல நாள், இரண்டென்றால் டீசலுக்கும் கட்டுக்காசுக்கும் சரி. இந்தக் கணக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அது ஓடுகிற மண்டையோடுதான் தொட்டிப் படியில் கால் வைக்கிறோம்.

(இதற்குள் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ட்ரக்கே இல்லாமல், பெயருக்கு ஒரு கொம்பனி பதிந்து கொடுத்து, தொழிலாளிக்குரிய ஒன்றும் கொடுக்காமல் ஓட விடுகிற பழக்கம் ஒன்ராறியோவில் நிறைய இருக்கிறது. டிரைவர் இன்க் என்கிறார்கள். எங்கட பிள்ளைகளும் அதில் மாட்டுப்படுகிறார்கள். விடுமுறைக் காசு இல்லை, காயப்பட்டால் கேட்க ஆளில்லை, கடைசியில் வரித் திணைக்களம் இவர்களைத்தான் தேடி வரும். அதை யாரும் சொந்தத் தொழில் என்று சொன்னால் நம்பாதீர்கள்.)

2019 ஜனவரி. என்னுடைய ட்ரக்கில் என்னுடைய முதல் குளிர்காலம். சைபருக்குக் கீழே 36. அந்தக் கிழமை முழுக்க ஏழு லோட்தான் கிடைத்திருந்தது. இரவு ஒன்றரை போல லீஸுக்குள் போனேன். துளிக் காற்று இல்லை. காற்றுத் திசை காட்டுகிற செம்மஞ்சள் துணி கம்பத்தில் துவண்டு தொங்கியது. குளிர் இறுகிய இரவில் காற்றும் இல்லையென்றால் வாயு எங்கும் போகாது, தொட்டியடியிலேயே படுத்திருக்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் யோசித்தது டீசலைப் பற்றித்தான்.

படிக்குக் கிட்டப் போகும்போதே மொனிட்டர் அலறியது. பன்னிரண்டு. இரண்டு அடி வைத்தேன், பதினேழு. இன்னும் ஏறவேயில்லை.

நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஐந்து விநாடியாகத்தான் இருக்கும். பிறகு திரும்பி நடந்தேன். ட்ரக்குக்குப் போகவில்லை, லீஸ் வாசலுக்கு, கொஞ்சம் மேடான பக்கத்துக்கு. எஞ்சின் அங்கே ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தப் போகவும் பயம், விடவும் பயம். டீசல் எஞ்சினைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். சுற்றியுள்ள காற்றில் எரியக்கூடிய ஆவி இருந்தால் அது அதையே உறிஞ்சி எரிக்கும், திறப்பை முறுக்கி நிறுத்தினாலும் நிற்காது, வேகம் கூடிக்கூடிக் கடைசியில் வெடிக்கும். 2005இல் டெக்சாஸ் சிற்றி சுத்திகரிப்பு ஆலையில் 15 பேர் செத்த வெடிவிபத்தில் தீயைத் தொடக்கியது, பெரும்பாலும், ஓடிக்கொண்டு நின்ற ஒரு டீசல் பிக்கப் என்றுதான் விசாரணையில் சொன்னார்கள். அதனால்தான் எங்கள் ட்ரக்குகளில் எஞ்சினுக்குப் போகிற காற்றையே அடைக்கிற ஒரு தட்டு பூட்டியிருக்கும். அது எனக்கும் இருந்தது. ஆனாலும் வாசலில் நின்று அந்த எஞ்சினின் சத்தம் ஏறுகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்ற நேரம் என் வாழ்க்கையில் நீண்ட நேரங்களில் ஒன்று.

டிஸ்பாட்சுக்கு எடுத்தேன். "நேற்று அங்கே மூன்று பேர் ஏற்றியிருக்கிறார்களே" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை, அவருக்கு மேலேயும் ஆட்கள் இருக்கிறார்கள். நேற்று ஏற்றினவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது, இன்றைக்கு நான் ஏற்ற மாட்டேன் என்றேன். என் குரல் நடுங்கியது. கிணற்றைப் பார்க்கிற ஒப்பரேட்டர் வர மூன்று மணித்தியாலம் ஆனது. அவர் முதுகில் காற்றுச் சிலிண்டரும் முகமூடியும் போட்டுக்கொண்டு மேலே ஏறி அளந்தார். இறங்கி வந்து, மூடியடியில் நூறைத் தாண்டிவிட்டது என்று மட்டும் மெல்லச் சொன்னார். மூடி சரியாகப் பொருந்தாமல் பனி இறுகியிருந்தது. அவர் என் தோளில் கை வைத்துவிட்டு, ட்ரக்கைத் தானே வெளியே எடுத்துத் தந்தார்.

அன்றிரவு எனக்கு ஒரு சதமும் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு கிழமை எனக்கு வந்தவை தூர லோட்கள், மோசமான பாதைகள். யாரும் வேண்டுமென்று செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை, அப்படி அமைந்திருக்கவும் கூடும். ஆனால் அந்த மாதக் கட்டுக்காசை மனைவியின் நகையை வைத்துத்தான் கட்டினோம். போன் எடுக்கிற தம்பிமாருக்கு நான் சொல்ல விரும்புவது முழுக்க இந்த இடத்தில் இருக்கிறது. ஏற்றமாட்டேன் என்று சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது, சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒரு விலை இருக்கிறது, அதை அந்த இரவில் வேறு யாரும் கட்டமாட்டார்கள். ஆகவே ட்ரக் வாங்குவதற்கு முதல் மூன்று மாதக் கட்டுக்காசைத் தனியாக எடுத்து வை. ரயர் வெடித்தால் எடுப்பதற்கு இல்லை. மொனிட்டர் அலறும்போது திரும்பி நடப்பதற்கு. அந்தக் காசு வங்கியில் இல்லாதவனின் கால் படியில் ஏறிவிடும். என் கால் ஏறியிருக்கிறது.

ஒவ்வொரு லோட்டுக்கும் நாங்கள் எழுதுகிற ரிக்கெற்றைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் அதை வெறும் கடதாசி வேலை என்று நினைக்கிறார்கள். எங்கே ஏற்றினது, எவ்வளவு, அதில் தண்ணீரும் மணலும் எத்தனை வீதம், என்ன வகுப்புப் பொருள், எல்லாம் அதில் இருக்கும், கீழே நாங்கள் கையெழுத்துப் போடுவோம். 2013 ஜூலை 6, கியூபெக்கில் லக்-மெகான்ரிக் என்ற சின்ன ஊருக்குள் மசகு எண்ணெய் ரயில் ஒன்று ஆளில்லாமல் உருண்டு வந்து தடம் புரண்டு எரிந்தது. 47 பேர். ரயில் உருண்டதற்குக் காரணம் பிரேக். ஆனால் அந்த எண்ணெய் வட டகோட்டாக் கிணறுகளிலிருந்து ட்ரக்குகளில் வந்து ரயிலில் ஏறியது, பத்திரங்களில் அதன் எரியும் தன்மை உண்மையைவிடக் குறைவாகக் குறிக்கப்பட்டிருந்தது என்று விசாரணைச் சபை எழுதியது. ட்ரக்கில் மசகு எண்ணெய்க்குரிய 1267 என்ற எண் போட்ட சிவப்புப் பலகையை மாட்டும்போது அந்த ஊர் எனக்கு ஞாபகம் வரும். நான் எழுதுகிற எண் என்னோடு முடிந்துபோவதில்லை, எனக்குப் பிறகு அதைத் தொடுகிறவன் அதை நம்பித்தான் தொடுகிறான். மாதிரியை ஒழுங்காக எடுக்க இன்னும் பத்து நிமிடம் போனால் போகட்டும்.

2020 ஏப்ரல் 20ஐ இந்த வட்டாரத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். கொரோனாவால் உலகமே வீட்டுக்குள் இருந்தது, தொட்டிகள் நிரம்பி வழிந்தன, மே மாத அமெரிக்க எண்ணெய் ஒப்பந்தத்தின் விலை அன்று பூச்சியத்துக்குக் கீழே போய் மைனஸ் 37.63 டொலரில் முடிந்தது. டிஸ்பாட்ச் எடுத்து, ட்ரக்கை நிற்பாட்டி வை, கூப்பிடுகிறோம் என்றார்கள். ஏழு கிழமை நின்றது. பனி உருகி ரயரைச் சுற்றிப் புல் முளைத்தது. அரசாங்கம் கொடுத்த இரண்டாயிரம் டொலரில் சாப்பிட்டோம், கடன் கொடுத்தவர்கள் மூன்று மாதம் தள்ளிவைத்தார்கள்.

அந்த நாட்களில் அம்மா ஊரிலிருந்து எடுத்தா. செய்தியில் கேட்டிருக்கிறா. "என்னடா தம்பி, எண்ணெயை எடுத்துக்கொண்டு போறவனுக்கு அவங்களே காசும் குடுக்கிறாங்களாம்?" என்றா. ஓம் அம்மா, ஒரு நாளைக்கு அப்படித்தான் என்றேன். கன நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அந்த ஜாம் போத்தல் ரெண்டு இன்னும் குசினியில கிடக்கு" என்றா. எனக்குக் கதைக்க வரவில்லை.

அதற்குப் பிறகு விலை ஏறியது, வேலை வந்தது. 2024 மே முதலாம் திகதி டிரான்ஸ் மவுன்டன் குழாய்வழியின் விரிவாக்கம் தொடங்கி, மேற்குக் கரைக்கு எண்ணெய் போக வழி திறந்த பிறகு கன எண்ணெயின் விலை வித்தியாசமும் குறைந்தது, லோட்களும் ஓரளவுக்கு நிலையாக வருகின்றன. ட்ரக் கடன் முடிந்துவிட்டது. நல்ல வருடங்களும் உண்டு, அதை மறைக்கமாட்டேன். மகளின் பல்கலைக்கழகக் காசு இந்த ட்ரக்தான் கட்டுகிறது.

வசந்தம் வரும்போது வேலை படுத்துவிடும் என்பதையும் வருகிறவர்கள் தெரிந்திருக்க வேண்டும். மார்ச் மாதத்துக்குப் பிறகு மண் இளகும், கிராமப் பாதைகள் உடையாமல் இருக்கப் பார வரம்பைக் குறைத்துவிடுவார்கள், பாதி ஏற்றிக்கொண்டு முழு டீசல் எரிக்க வேண்டிவரும் அல்லது நிற்க வேண்டிவரும். பன்னிரண்டு மாதமும் காசு வரும் என்று கணக்குப் போட்டால் பிழையாகிவிடும். பத்து மாதம் என்று போடுங்கள்.

போன மாரியில் ஒரு தம்பி வந்தான். சுன்னாகப் பக்கம், நல்ல பிள்ளை. நான் சொன்னபடி முதலில் கொம்பனி ட்ரக்கில்தான் சேர்ந்தான், வகுப்பெல்லாம் முடித்தான். மூன்றாவது கிழமை, விடியப்புறம் மூன்றேகால், போன் அடித்தது.

"அண்ணை, மொனிட்டர் அடிக்குது."

"எங்க நிக்கிறாய்?"

"லீஸ் வாசலில. நடந்து வந்திட்டன்."

"காத்து?"

"முகத்தில படுது."

"சரி. அப்பிடியே நில்."

"டிஸ்பாட்சுக்கு என்ன சொல்ல, அண்ணை? நாலு லோட்டில இது ரெண்டாவது."

நடந்ததைச் சொல்லு, இலக்கத்தையும் சொல்லு, எழுதியும் வை என்றேன். அவன் சொல்லிவிட்டுத் திரும்பவும் எடுத்தான். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குளிருது அண்ணை என்றான். நின்றால் விறைக்கும், பாதையில் நடந்துகொண்டு இரு, பள்ளத்துக்குப் போகாதே என்றேன். ஒப்பரேட்டர் வரும்வரைக்கும் போனை வைக்கவில்லை. நான் கட்டிலில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன், பனியில் அவனுடைய பூட்ஸ் நெரிபடுகிற சத்தம், போவதும் வருவதுமாக.